கிருமியைக் கொல்லும் துணி உண்டா?



பட்டணத்துக் கடைகளிலும் பசார் மாலாமிலும் இப்போது ஒரு புதுச் சொல் அடிபடுகிறது. துவாலை, காலுறை, தலையணை உறை, குழந்தைப் போர்வை என்று எதை எடுத்தாலும், சிலவற்றின் உறையில் "கிருமியைக் கொல்லும் துணி" என்று அச்சிட்டிருக்கிறார்கள். "99.9 விழுக்காடு கிருமிகள் ஒழியும்" என்ற வாசகமும் கூடவே இருக்கும். சாதாரணத் துவாலையைவிட விலை சில வெள்ளி கூடுதல். "ஆஸ்பத்திரியிலேயே இதைத்தான் பயன்படுத்துகிறார்கள்" என்று விற்பவர் அடித்துச் சொன்னால், வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டிருக்கும் ஒரு தாயின் மனம் அலைபாயத்தானே செய்யும்?

அப்படி ஒரு துணி உண்டா? உண்டென்றால் அது நோயாளியைக் காப்பாற்றுமா? உழைத்துச் சம்பாதிக்கும் காசை அதற்குச் செலவழிக்கலாமா? இந்த மூன்று கேள்விகளுக்கும் இம்மாதம் விடை காண்போம்.

துணியில் கிருமி தங்குமா?

தங்கும். அதுவும் நாம் நினைப்பதைவிட அதிக நாள் தங்கும். அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், மருத்துவமனைகளில் புழங்கும் பருத்தித் துணி, துவாலைத் துணி, பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த துணி, முழுப் பாலியெஸ்டர் ஆகியவற்றின்மேல் சில வகைக் கிருமிகளை விட்டுப் பார்த்தார்கள். எல்லாக் கிருமிகளும் குறைந்தது 1 நாள் உயிரோடு இருந்தன. சில கிருமிகள் 90 நாட்களுக்கு மேலும் சாகாமல் கிடந்தன.

வார்டில் கட்டிலைச் சுற்றி இழுத்து மூடுகிறார்களே, அந்தத் திரைச்சீலையையும் சோதித்திருக்கிறார்கள். கனடாவின் வின்னிபெக் நகரில் தீப்புண் சிகிச்சைப் பிரிவு ஒன்றில் சலவை செய்த புதுத் திரைகளைத் தொங்கவிட்டு, நாள்தோறும் கூடிவரும் அழுக்கைக் கணக்கெடுத்தார்கள். இரண்டு வாரத்திற்குள் பெரும்பாலான திரைகளில் எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற, பல மருந்துகளுக்கு அடங்காத கிருமி குடியேறியிருந்தது. இந்த ஆய்வு 2018இல் வெளிவந்தது.

துணியில் இருக்கும் கிருமி தானாகப் பறந்து வந்து நம் புண்ணில் உட்காருவது அரிது. அதற்கு ஒரு வாகனம் வேண்டும். அந்த வாகனம் பெரும்பாலும் மனிதனின் கைதான். திரையை இழுத்த கை, அடுத்த நிமிடம் நோயாளியின் ஊசிக் குழாயைத் தொடுகிறது. படுக்கை விரிப்பைத் தடவிய கை, குழந்தையின் வாயைத் துடைக்கிறது. கிருமிக்கு வேறென்ன வேண்டும்?

இது சின்ன விஷயம் என்று எண்ணிவிடாதீர்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கை சொல்வதைக் கேளுங்கள். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறும் 100 பேரில், வசதி படைத்த நாடுகளில் 7 பேருக்கும், நடுத்தர வருமானமும் குறைந்த வருமானமும் உள்ள நாடுகளில் 15 பேருக்கும் அங்கேயே புதிதாக ஒரு தொற்றாவது ஏற்படுகிறது. அப்படித் தொற்று ஏற்பட்டவர்களில் 10 பேருக்கு ஒருவர் உயிரிழக்கிறார். குலை வெட்டும்போது முள் குத்திய காலுக்கு மருந்து கட்டப் போனவர், வேறொரு நோயோடு வீடு திரும்பலாம் என்பதுதான் இதன் பொருள்.

பழைய காலத்துப் பாடம்

கிருமி என்ற ஒன்று இருப்பதே சரிவரத் தெரியாத காலத்தில், ஆஸ்திரியாவின் வியன்னா நகரத்துப் பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றில் தாய்மார்கள் கொத்துக் கொத்தாக மடிந்தார்கள். செம்மல்வைஸ் என்ற மருத்துவர் 1847ஆம் ஆண்டு மே மாதம், பிணப் பரிசோதனை செய்துவிட்டு வரும் மருத்துவர்கள் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவிய பிறகே பிரசவம் பார்க்க வேண்டும் என்று கட்டளையிட்டார். ஏப்ரல் மாதத்தில் 100 தாய்மார்களுக்கு 18 பேர் இறந்த அந்த வார்டில், ஜூன் மாதம் 100க்கு 2 பேர் என்ற அளவுக்குச் சாவு குறைந்தது. கை கழுவியது ஒன்றுதான் மாறுதல்.

கிரிமியா போரில் காயம்பட்டவர்களைக் கவனிக்க 1854இல் துருக்கி நாட்டின் ஸ்குட்டாரிக்குப் போன ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் கண்டது, அழுக்குப் படிந்த விரிப்புகளையும் இரத்தக் கறை காயாத சட்டைகளையும்தான். அவர் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தார். அதில் கொதிகலன்களைப் பொருத்தினார். படைவீரர்களின் மனைவிமாரை வேலைக்கு அமர்த்தி, துணிகளை வெந்நீரில் வெளுக்கச் செய்தார். தாதியர் தொழிலுக்குத் தாய் என்று போற்றப்படும் அவர் முதலில் செய்த வேலைகளில் துணி வெளுப்பதும் ஒன்று!

மூன்றாமவர் ஜோசஃப் லிஸ்டர். 1865ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், வண்டிச் சக்கரம் ஏறிக் கால் எலும்பு முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வந்த 11 வயதுச் சிறுவன் ஒருவனை கிளாஸ்கோ நகர மருத்துவமனைக்குக் கொண்டு வந்தார்கள். அந்த நாளில் இப்படிப்பட்ட கால்கள் அழுகிப் போகும். வெட்டி எடுப்பதுதான் வழக்கம். லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியைக் காயத்தின்மேல் வைத்துக் கட்டினார். புண் அழுகவில்லை, சுமார் ஆறு வாரத்தில் எலும்பும் கூடிவிட்டது. கிருமியைக் கொல்லும் துணி என்ற எண்ணத்திற்கு வயது 150 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது என்பதை இதிலிருந்து அறியலாம்.

இன்றைய துணி எப்படி வேலை செய்கிறது?

நூல் நூற்கும்போதோ, நெய்த பிறகோ துணியில் ஒரு பொருளைச் சேர்க்கிறார்கள். சிலவற்றில் வெள்ளி, சிலவற்றில் செம்பு, இன்னும் சிலவற்றில் கிருமியின் மேல்தோலைக் கிழிக்கும் இரசாயனப் பூச்சு. வெள்ளியும் செம்பும் ஈரம் பட்டால் கண்ணுக்குத் தெரியாத துகள்களை வெளிவிடும். அவை கிருமியின் உடலுக்குள் புகுந்து அதன் இயக்கத்தைக் குலைத்துவிடும்.

செம்பின் குணம் நமக்குப் புதிதல்ல. செம்புக் குடத்தில் தண்ணீர் பிடித்து வைக்கும் வழக்கம் நம் பாட்டிமார் காலத்திலேயே இருந்தது. பெங்களூர் ஆய்வாளர்கள் 2012இல் இதைச் சோதித்தபோது, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகள் கலந்த தண்ணீரைச் செம்புப் பாத்திரத்தில் 16 மணி நேரம் வைத்திருந்த பின் அந்தக் கிருமிகள் உயிரோடு இல்லை. அந்த 16 மணி நேரம் என்ற கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பின்னால் வருவேன்.

அப்படியானால் இது நோயாளியைக் காக்குமா?

இங்கேதான் ஆய்வுகள் இரண்டு பக்கமாகப் பேசுகின்றன.

இஸ்ரேல் நாட்டில், தலையில் அடிபட்டு நெடுநாளாகப் படுக்கையில் கிடப்பவர்களின் வார்டு ஒன்றில், விரிப்பு, தலையணை உறை, நோயாளிச் சட்டை, துவாலை எல்லாவற்றையும் செம்பு கலந்த துணியாக மாற்றினார்கள். 2014இல் வெளியான முடிவின்படி, தொற்று 24 விழுக்காடு குறைந்தது. காய்ச்சல் கண்ட நாட்கள் 47 விழுக்காடு குறைந்தன. இது நல்ல செய்திதான்.

ஆனால் அமெரிக்காவில் நீண்ட காலச் சிகிச்சைக்கான மருத்துவமனை ஒன்றில் செம்புத் துணியைப் பயன்படுத்திப் பார்த்தவர்கள், மருந்துக்கு அடங்காத கிருமிகள் பரவுவது அதனால் குறையவில்லை என்று 2018இல் எழுதினார்கள். டியூக் பல்கலைக்கழக மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவின் தாதியர் 40 பேருக்கு மூன்று வகைச் சீருடைகளை மாற்றி மாற்றி அணியக் கொடுத்தார்கள். ஒன்று சாதாரணத் துணி. ஒன்று வெள்ளி கலந்தது. மற்றொன்று இரசாயனப் பூச்சு உள்ளது. 12 மணி நேர வேலை முடிந்ததும் எடுத்துப் பார்த்தால், மூன்றிலும் படிந்த கிருமிகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை! இது 2017இல் வெளியானது.

ஏன் இப்படி? உறையில் அச்சிட்ட "99.9 விழுக்காடு" எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் விளங்கும். சோதனைக் கூடத்தில் ஒரு துண்டுத் துணியை எடுத்து, கிருமி கலந்த நீரை அதில் ஊற்றி, இதமான சூட்டில் ஏறக்குறைய 18 முதல் 24 மணி நேரம் வரை வைத்திருந்து, பிறகு எத்தனை கிருமி மிஞ்சியது என்று எண்ணுவார்கள். செம்புக் குடத்தின் 16 மணி நேரம் நினைவிருக்கிறதா? அதே கதைதான். துணி கிருமியைக் கொல்லும். ஆனால் அதற்கு நேரம் வேண்டும், ஈரமும் வேண்டும். வார்டிலோ ஒரு தாதியின் சட்டை முனை ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்கு ஒரே நிமிடத்தில் போய்விடுகிறது. துணி உலர்ந்தும் கிடக்கிறது. ஒரு நாள் முழுவதும் எடுத்துக்கொண்டு வேலை செய்யும் மருந்து, ஒரு நிமிடத்தில் பாயும் எதிரியை எப்படித் தடுக்கும்?

நாளெல்லாம் ஒரே நோயாளியின் உடம்போடு ஒட்டிக்கிடக்கும் விரிப்பில் இது ஓரளவு பயன் தரக்கூடும் என்பதற்கும், ஓடியாடி வேலை செய்பவரின் சீருடையில் பயன் தெரியாததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

இன்னொரு குறையும் உண்டு. பூச்சு சலவையில் கரையும். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் 2008இல் 6 வகை வெள்ளிக் காலுறைகளை நீரில் அலசிப் பார்த்தார்கள். சிலவற்றில் வெள்ளி நிலைத்து நின்றது; சிலவற்றிலோ சில அலசல்களிலேயே பெரும்பகுதி நீரோடு போய்விட்டது. வாங்கும்போது எது நிற்கும், எது போகும் என்று நம் கண்ணுக்குத் தெரியாது.

சலவை கெட்டால் எல்லாம் கெடும்

2015ஆம் ஆண்டு ஹாங்காங்கில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே ஒரு பெரிய மருத்துவமனையில், நோய் எதிர்ப்புச் சக்தி குன்றிய 6 நோயாளிகளுக்கு ஒரு வகைப் பூஞ்சணம் நுரையீரலிலும் தோலிலும் பற்றியது. எங்கிருந்து வந்தது என்று துருவிப் பார்த்தபோது, வெளுத்து வந்த துணிகளிலேயே அந்தப் பூஞ்சணம் இருந்தது. சலவைச்சாலையில் வெந்நீரின் சூடு போதவில்லை. துணிகள் ஈரமும் சூடும் ஆறாமல் கட்டி வைக்கப்பட்டிருந்தன. மழையும் புழுக்கமும் நிறைந்த பருவம் வேறு. நம் நாட்டுத் தட்பவெப்பமும் அப்படித்தானே?

அதே சமயம், முறையாக வெளுத்து உலர்த்திய துணியிலிருந்து தொற்று வருவது மிக அரிது என்பதையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்து மருத்துவமனைகளுக்கு விதித்துள்ள அளவு இது: நீர் 65 டிகிரி சூட்டில் 10 நிமிடம், அல்லது 71 டிகிரியில் 3 நிமிடம் நிற்க வேண்டும். சூடு, சவர்க்காரம், அலசல், உலர்த்தல் ஆகிய நான்கும் ஒழுங்காக நடந்தால் சாதாரணப் பருத்தித் துணியே போதுமான காவல். "கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்று நம் முன்னோர் சொன்னது வெறும் அழகுக்கு அல்ல.

நம் நாட்டு அரசாங்க மருத்துவமனைகளில் துணி, சலவை வேலைகள் 1997 முதல் தனியார் நிறுவனங்களிடம் விடப்பட்டிருக்கின்றன. அந்தச் சலவைச்சாலைகளிலும் வார்டுகளிலும் நம் பிள்ளைகள் பலர் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை: அழுக்கு விரிப்பை உதறாதீர்கள், உடம்போடு அணைத்துத் தூக்காதீர்கள், எடுத்த இடத்திலேயே பையில் போட்டுக் கட்டுங்கள். தொற்றுள்ள துணிக்கென ஒதுக்கிய பையில் மற்றதைக் கலக்காதீர்கள். கையுறை போட்டிருந்தாலும், கழற்றியவுடன் கை கழுவுங்கள். சீருடையோடு பசார் மாலாமுக்குப் போக வேண்டாம்.

நாம் செய்ய வேண்டியவை

மருத்துவமனைக்கு நோயாளியைப் பார்க்கப் போகும்போது:

1. கட்டிலை நெருங்கும் முன் கை கழுவுங்கள். சவர்க்காரமும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி. வார்டில் வைத்திருக்கும் ஆல்கஹால் திரவம் என்றால் 20 முதல் 30 விநாடி தேய்க்க வேண்டும். திரும்பும்போதும் அப்படியே.

2. நோயாளியின் கட்டிலில் உட்காராதீர்கள். குழந்தைகளையும் அதில் ஏற்றாதீர்கள். தோட்டத்தில் வேலை முடிந்த உடையோடு நேராகப் போகாமல், குளித்து மாற்றுடை உடுத்திச் செல்லுங்கள்.

3. ஊசிக் குழாய், சிறுநீர்ப் பை, காயக் கட்டு ஆகியவற்றைத் தொடாதீர்கள். ஒரு நோயாளியின் துவாலையை இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள்.

4. விரிப்பு நனைந்தோ கறைபட்டோ இருந்தால், மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

இந்த நான்காவது காரியத்திற்குத்தான் நம்மவர்கள் தயங்குகிறார்கள். கிராணிக்கும் டிரெஸ்ஸருக்கும் முன்னால் கைகட்டி நின்று பழகிய குடும்பங்கள் நாம். "நாம் ஏதாவது சொல்லப்போய், மிஸ்ஸி கோபித்துக்கொண்டு அப்பாவைச் சரியாகக் கவனிக்காவிட்டால் என்ன செய்வது?" என்று பயந்து, ஈர விரிப்பிலேயே வயதானவரைக் கிடக்க விடுகிறோம். ஈரத்தில் கிடந்தால் முதுகில் படுக்கைப் புண் வரும்; அதில் கிருமி ஏறும். "மிஸ்ஸி, விரிப்பு நனைந்துவிட்டது, கொஞ்சம் மாற்றித் தருகிறீர்களா?" என்று பணிவோடு கேட்பதில் தவறே இல்லை. காயத்தைத் தொட வருபவரிடம், "கை கழுவிவிட்டீர்களா, மிஸ்ஸி?" என்று கேட்பதும் குற்றமல்ல. நோயாளியும் உறவினரும் இப்படிக் கேட்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனமே ஊக்குவிக்கிறது. நல்ல தாதியர் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

நோயாளி வீட்டுக்கு வந்த பிறகு:

அவர் துணிகளைத் தனியே சேர்த்து, துணி தாங்கும் அளவுக்குச் சூடான நீரில் சவர்க்காரம் போட்டு வெளுங்கள். வெந்நீர் பட்டுக் கை வெந்துவிடாதபடி கவனம். மலம், சீழ், இரத்தம் பட்ட துணியானால் கையுறை அணிந்து முதலில் அதை வழித்துப் போக்குங்கள். வெள்ளைப் பருத்தித் துணிக்குக் குளோராக்ஸ் கலந்த நீர் பயன்படும். ஆனால் அதைக் காடியோடும், கழிவறை கழுவும் அமிலத்தோடும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். மூச்சைத் திணறடிக்கும் நச்சுப் புகை எழும். துவைத்ததை நல்ல வெயிலில் மொறமொறவென்று காயவிடுங்கள். மழைக்காலத்தில் லயத்து வாசலில் அரைகுறையாகக் காய்ந்த துணியை மடித்து வைக்காமல், இஸ்திரி போட்டு ஈரத்தைப் போக்கிவிடுங்கள்.

காயத்தின்மேல் வீட்டிலுள்ள பழந்துணியைக் கிழித்துக் கட்ட வேண்டாம். கிளினிக்கில் கொடுக்கும் கட்டுத் துணியையே பயன்படுத்துங்கள். தீப்புண்ணுக்கு வெள்ளி கலந்த மருந்தை மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள். அது புண்ணைப் பார்த்து, அளவறிந்து கொடுப்பது. கடைத் துவாலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இனிப்பு நீர் உள்ளவர்கள் "வெள்ளிக் காலுறை போட்டிருக்கிறேன்" என்ற தைரியத்தில் பாதத்தைப் பார்க்காமல் இருந்துவிடக் கூடாது. தினமும் மாலையில் விரலிடுக்கு வரை பார்ப்பதுதான் காலைக் காக்கும்.

வாங்கலாமா?

முதலில் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் இப்போது விடை சொல்லிவிடலாம். கிருமியைக் கொல்லும் துணி உண்டு, அது பொய்யல்ல. மருத்துவமனைகளில் சில இடங்களில் அது துணை செய்யலாம். அதை மருத்துவர்கள் இன்னும் ஆராய்ந்து வருகிறார்கள். ஆனால் நம் வீட்டிற்கு அது தேவையில்லை. அந்தக் கூடுதல் காசுக்கு இன்னொரு சாதாரணத் துவாலையும் இரண்டு கட்டிச் சவர்க்காரமும் வாங்குங்கள். ஆளுக்கொரு துவாலை இருந்தால், ஒன்று காயும்போது மற்றொன்று பயன்படும். இது எந்தப் பூச்சையும்விட மேல்.

விலை உயர்ந்த துணியைப் போர்த்திவிட்டோம் என்ற நிம்மதியில் கை கழுவ மறந்தால், அந்தத் துணியே நமக்குப் பகையாகிவிடும். அடுத்த முறை பெரியாஸ்பத்திரிக்குப் போகும்போது பழத்தையும் கஞ்சியையும் எடுத்துப் போவது போலவே, சுத்தமான கையையும் வாய்திறந்து கேட்கும் துணிவையும் கொண்டு செல்லுங்கள்.